தெளிவு: ஐந்தில் இரண்டு

முப்பந்தலில் காற்று நிற்கவேண்டும் என்று
காத்திருக்கிறவன் நான் ஒருவன்தான்.
கம்பெனிக்கு அது நஷ்டம்.
இறக்கை சுற்றாத ஒவ்வொரு மணிக்கும்
நோட்டின் முன்பக்கத்தில் பூஜ்யம் போடுகிறேன்.
அதே மணிகளில்தான்
பின்பக்கத்தில் வியாழனின் காற்றை எழுத முடிகிறது.

எட்டு அங்குலக் கண்ணாடி,
குடிநீர்த் திட்டத்தில் மிஞ்சிய பி.வி.சி. குழாய்,
மார்த்தாண்டத்தில் அறுத்து வாங்கிய பிளைவுட்.
கணவாய்க் காற்று ஒரு விரல் வைத்தாலே
கோள் கஞ்சியாகிவிடும்.
நின்றால்
(நிற்பது இரண்டு மூச்சு நேரம்)
பட்டைகள் வரும்,
நடுவில் சாம்பல் நீலக் கொக்கிகள் வரும்,
தெற்கே, அதாவது கண்ணாடியில் மேலே,
அவித்த இறாலின் நிறத்தில் பெரிய செம்புள்ளி.

அதை நாங்கள் அளப்பதில்லை. உலகமே அளக்கிறது.
எங்களுடையது அதற்குப் பின்னால் வரும்
வெள்ளைத் துளி ஒன்று. அதுவும் புயல்தான்.
எங்கள் என்றால் நானும் செலினும்.
அவள் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, சின்னத்துறை மொட்டைமாடியில்.
பகலெல்லாம் குழித்துறை லேபில்
குனிந்து ரத்த அணு எண்ணுகிறவள்.
என்னைவிட அவள் கண்ணை நம்பலாம்.

துளி நடுக்கோட்டைத் தாண்டும் நிமிடத்தை
இருவரும் குறிக்கவேண்டும்,
குறித்து முடிக்கும்வரை பேசக்கூடாது.
எனக்கு 9.12. அவளுக்கு 9.16.
நான்கு நிமிடச் சண்டை.
அங்கே அது
கன்னியாகுமரியில் ரயிலேறி
டெல்லி தாண்டுகிற தூரம்.

செவ்வாய்க்கிழமை 9.12 என்றால்
வியாழக்கிழமை 10.50க்கு வரவேண்டும், வியாழனில்.
10.48க்கே வந்தது.
அடுத்த முறையும் இரண்டு நிமிடம் முந்தி.
துளி செம்புள்ளியை எட்டிக்கொண்டிருக்கிறது:
மொத்தக் கார்த்திகைக்கும் எங்கள் சம்பாத்தியம் இவ்வளவுதான்.
ஒட்டி உரசிப் போகும்போது
கிழிபடுமா, தப்புமா என்று
ஐம்பது ரூபாய் பந்தயம்.

அப்புறம் ஒன்பது நாள் மழை.
பேச்சிப்பாறையைத் திறந்துவிட்டார்கள்.

பத்தாம் இரவு வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.
ஆனால் காற்று.
8.31க்குத் துளி வந்திருக்கவேண்டும்.
செம்புள்ளி இருந்தது. அதன் தோளருகே
பட்டை வெறும் பட்டையாக ஓடியது.
ஒன்பது மணி தாண்டியும் பார்த்தேன்.
கண்ணில் நீர் கட்டியது.
நோட்டில் ஒரே சொல் எழுதினேன்.

போனில் செலின்: "என்ன எழுதின?"
"காணவில்லை."

அவள் பக்கம் கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்டது.

"அத வெட்டு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.
ஒரு டிசம்பரில் அவள் ஊர்க் கோயில் சுவரில்
ஒட்டியிருந்த தாளின் தலைப்பு அந்தச் சொல்.
பதினேழாவது பெயர் கிளிட்டஸ், அவள் அண்ணன்.
யார் தேடினார்கள், எத்தனை மைல் வரைக்கும்,
அலை எவ்வளவு உயரம், எந்த நேரத்தில் திரும்பினார்கள்
என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

"எத்தன மணிக்கு, எந்த லென்சு,
காத்து எப்பிடி, எவ்வளவு நேரம் பாத்த,
எல்லாத்தயும் எழுது.
கடேசில, எனக்குத் தெரியலன்னு எழுது.
அது இல்லன்னு சொல்லுகதுக்கு நீ ஆரு?"

வெட்டினேன்.
8.05 முதல் 9.10 வரை. உருப்பெருக்கம் 133.
காற்று விட்டுவிட்டு. தெளிவு ஐந்தில் இரண்டு.
துளி எனக்குத் தென்படவில்லை.
செலினுக்கும்.

பந்தயத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பதினொன்றுக்குக் காற்று எழுந்தது.
ஆறாம் எண் காற்றாலை முனகித் திரும்பிற்று.
குழாய்க்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு
நோட்டைப் புரட்டி முன்பக்கம் நிரப்பினேன்:
கிலோவாட், வேகம், திசை.

தூங்கப்போகுமுன் ஒருமுறை பின்பக்கம்.
நாளை மறுநாள், 10.07.
எதிர்க்கட்டம் காலி.